பல்லை வெட்ட வேண்டாம்

காம்பார், பேராக்
ஞாயிறு இரவு

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் சின்னவனுக்கு வாங்கிக் கொடுத்த சுகர் கிளைடரைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. கீழ்ப்பல் இரண்டும் நீளமாகிவிட்டது, கொண்டுவந்தால் வெட்டிவிடுகிறோம் என்று வாங்கின கடையிலேயே சொன்னார்களாமே. தயவுசெய்து கொண்டுபோகாதே. அந்தப் பல் வளர்ந்து நீளவில்லை. அந்த ஜீவனுக்குப் பிறவியிலேயே அப்படித்தான்.

எலிக்கும் முயலுக்கும் முன்பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். இது பார்க்கத்தான் அணில் மாதிரி. கங்காரு போல குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கிற இனம். இதன் பல் ஒருமுறை முளைத்தால் அதோடு சரி, வெட்டினால் வெட்டினதுதான். உள்ளே இருக்கிற நரம்பு திறந்துகொள்ளும், கிருமி ஏறும், சீழ் தாடையெலும்பு வரைக்கும் இறங்கும். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு அதைத் தாங்காது.

ஆஸ்திரேலியாவிலும் பப்புவாவிலும் காட்டில் இருக்கும்போது வேல மரம், யூகலிப்டஸ் மரப் பட்டைகளை அந்தக் கீழ்ப்பல்லால் கீறி, வடிகிற பிசினையும் சாற்றையும் இது நக்கித் தின்னும். அம்மா தோட்டத்தில் பால் மரம் வெட்டின காலத்தில் கத்தியை எப்படித் தீட்டித் துணியில் சுற்றி வைப்பார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இதற்கு அந்த இரண்டு பல்தான் பால்வெட்டுக் கத்தி. போன வாரம் என்னிடம் இருக்கிற ஜோடியைக் காட்டி இதைச் சொன்னேன். அம்மா அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் கூண்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதைவிட எனக்குப் பயமாக இருப்பது நீ எழுதின சாப்பாட்டுப் பட்டியல். குழந்தை செரியலைத் தண்ணீரில் குழைத்து, வாழைப்பழம், தேன், கலர் ஜெல்லி. ஒன்றையாவது அது கடிக்க வேண்டியிருக்கிறதா, சொல். நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகள் வாயைப் பார்த்த பல்லு மிஸி. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கிப் பழகின பிள்ளைகளின் மேல் முன்பல் நாலும் கறுத்துக் கரைந்து கிடப்பதை எத்தனை பார்த்திருப்பேன். குழைந்ததும் இனிப்புமாகவே தின்றால் பல்லில் ஒட்டும். ஒட்டினது அழுக்காகும், அழுக்கு காறையாக இறுகும், ஈறு சிவந்து பல்லை விட்டு விலகும். சுகர் கிளைடருக்கும் இதே வழிதான். அதன் சின்ன வாயில் 40 பல் இருக்கிறது. பின்பற்களில் காறை பிடித்தால் உன் கண்ணுக்குப் படவே படாது.

பல்லைத் தேய்த்துக் கொடுப்பது பூச்சிதான். ஒரு செங்கெரிக் பூச்சியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார். இரண்டு கையாலும் பிடித்துத் தலையிலிருந்து தொடங்கும். மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். கடைசியில் காலும் ஓடும்தான் கீழே விழும். அந்தக் கெட்டி ஓட்டைக் கடிக்கிற கடியில் பல்லின் அழுக்கும் கொஞ்சம் போகும், புரதமும் கிடைக்கும். பெட் ஷாப்பில் உயிரோடு வாங்கு. வாங்கின அன்றே கொடுக்காமல் ஒரு நாள் கீரையும் கேரட்டும் போட்டு வைத்து, பிறகு பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியைத் தூவிக் கொடு. மீல்வோர்ம் புழு எப்போதாவது ஒன்றிரண்டு போதும். அதில் பாஸ்பரஸ் ஜாஸ்தி. வீட்டு விளக்குக்கு வருகிற பூச்சியைச் சின்னவன் பிடித்துக் கொடுக்கப் பார்ப்பான், விடாதே. உங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அங்கே அடிக்கிற மருந்து அந்தப் பூச்சியின் உடம்பில் இருக்கும்.

பாஸ்பரஸ் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. சாப்பாட்டில் கால்சியம் ஒன்றரை, இரண்டு பங்கு என்றால் பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்க வேண்டும். தலைகீழானால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். முதலில் பின்னங்கால் தள்ளாடும், அப்புறம் இழுத்துக்கொண்டு நகரும். தாடையும் எலும்புதானே, அதுவும் மெலிந்து பல் ஆடத் தொடங்கும். 100 கிராம் பப்பாளியில் கால்சியம் 20 மில்லிகிராம், பாஸ்பரஸ் 10. வாழைப்பழத்தில் 5-க்கு 22. இனிப்புச் சோளத்தில் 2-க்கு 89! அதனால் உன் வீட்டு வேலியோரப் பப்பாளிதான் இதற்கு நல்ல பழம். பீடோர் கொய்யா ஆசைக்கு ஒரு சீவல். சோளம் வேண்டவே வேண்டாம். எந்தப் பழமானாலும் மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. சாக்லேட், வெங்காயம், பூண்டு, அவகாடோ, கோப்பி எதுவும் அதன் பக்கமே போகக் கூடாது என்று சின்னவனிடம் பெரியம்மா சொன்னேன் என்று சொல்.

அப்படியானால் என்னதான் கொடுப்பது என்று கேட்பாய். நான் செய்வது லெட்பீட்டர் கலவை. மிருகவைத்தியப் புத்தகங்களில் உள்ளதுதான். வெதுவெதுப்பான தண்ணீர் 150 மில்லி, தேன் 150 மில்லி, ஓடு உரித்த அவித்த முட்டை ஒன்று, புரதம் கூடின குழந்தை செரியல் 25 கிராம், விட்டமின்-தாது உப்புப் பொடி ஒரு தேக்கரண்டி. கட்டியில்லாமல் அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வை. தேன் இருக்கிறதே என்று நீ கேட்பாய். இருக்கிறது, காட்டிலும் இது இனிப்புச் சாறு குடிக்கிற பிராணிதான். அதோடு முட்டையும் தாது உப்பும் சேர வேண்டும், அதே ராத்திரி கடிக்கப் பூச்சியும் இருக்க வேண்டும். சாப்பாட்டில் பாதி இந்தக் கலவை, மிச்சத்தில் பெரும்பங்கு பூச்சி. 100 கிராம் எடையுள்ள கிளைடர் ஒரு நாளைக்கு 15, 20 கிராம்தான் தின்னும். இருட்டினதும் வை, விடிந்ததும் மிச்சத்தை எடுத்துக் கொட்டு. நம் ஊர்ச் சூட்டுக்கு முட்டை போட்டது விடியும்முன்னே புளித்துவிடும்.

மருந்து அடிக்காத கொய்யாக் கிளை கிடைத்தால் பட்டையோடு கூண்டில் கட்டு, பல்லுக்கு வேலை. பால் வடிகிற மரத்துக் கிளை எதுவும் வேண்டாம். ஈப்போ லிட்டில் இந்தியாவில் கருவேலம் பிசின் வாங்கி வைத்திருக்கிறேன். நனைத்துக் கிளையின் பொந்தில் தடவி வைத்தால் கீறிக் கீறித் தின்னும்.

வாயைப் பார்க்க அதைப் பிடித்து அமுக்காதே, பயந்து கத்தும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியில் கலவையைத் துளி தடவி நக்கவிட்டு, மறுபக்கத்திலிருந்து பார். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. பல்லின் அடியில் ரத்தச் சிவப்புக் கோடு, பழுப்புக் காறை, கெட்ட வாடை எது இருந்தாலும் வைத்தியரிடம் போ. சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பினால் பதறாதே, அது அதன் வழக்கம். கடிக்காத துண்டு வாயிலிருந்து நழுவி விழுந்தாலும், முகவாய் ஈரமாக இருந்தாலும், கையால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தாலும், தாடை ஒரு பக்கம் வீங்கினாலும் அன்றைக்கே கிளம்பு. வலியைக் காட்டாத பிராணி இது. வெளியே தெரிகிற நேரத்தில் முற்றியிருக்கும். காறை எடுப்பதென்றால் மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அதனால் நாய், பூனை மட்டும் பார்க்கிற இடமா, இந்த மாதிரிச் சின்னப் பிராணிகளையும் பார்த்துப் பழகினவரா என்று முதலிலேயே போன் போட்டுக் கேள். சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லையென்றால் செர்டாங்கில் யூபிஎம் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

தம்பி வியாழக்கிழமை உங்கள் பக்கம் வருகிறான். அவன் கையில் கிராம் கணக்குத் தராசு, கால்சியம் பொடி, கொஞ்சம் பிசின் மூன்றும் கொடுத்துவிடுகிறேன். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், துணிப்பையோடு நிறுத்துப் பையின் எடையைக் கழித்துச் சின்னவனையே நோட்டில் எழுதச் சொல். 110 கிராம் உடம்பில் 10 கிராம் குறைவது 55 கிலோ மனுஷிக்கு 5 கிலோ குறைகிற மாதிரி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், அவன் படிப்பு முடிகிற வரைக்கும் அவனோடு வரும்.

சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றாதே, பட்டினி கிடக்கும். செரியலில் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போ. ஜெல்லியை மட்டும் இன்றைக்கே நிறுத்து. முதல் எடை என்னவென்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா