முப்பது நாளில் ஒரு பீர்

போன வருஷம் மே மாதம் ஸ்த்ராஸ்பூரில் மகன் வீட்டில் இருந்தேன். என் மனைவி காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. தகனம் முடிந்த மறுநாள்தான் அவனால் ஊர் வந்து சேர முடிந்தது. அவனுக்காக ஒரு நாள் காத்திருந்திருக்கலாம். அதைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்பாடு, வானிலை, மருந்து, இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அவனுக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சும் பழக்கம் உண்டு. நம் ஊரில் உரிமம் இல்லாமல் செய்தால் கலால் துறை வாசலில் நிற்கும். பிரான்சில் சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை.

"நீங்க இருக்கும்போது ஒண்ணு போடலாமாப்பா?" என்றான். கறுப்பாக, கனமாக, மூன்று மாதம் வைத்திருந்து குடிக்கும் வகை ஒன்றை மனதில் வைத்திருந்தான். நான் டிக்கெட்டைக் காட்டினேன். முப்பது நாள்தான் பாக்கி.

"நான் குடிச்சுப் பார்த்துட்டுப் போற மாதிரி ஒண்ணு சொல்லுடா."

அப்படித் தேர்ந்ததுதான் லேசான, ஹாப்ஸ் வாசம் தூக்கலான பீர். தானியத்தை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, சாறு வடிக்கும் வேலை இதில் கிடையாது. அந்தச் சாற்றையே வற்றவைத்துப் பொடியாக்கி விற்கிறார்கள், மால்ட் பொடி. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூ. ஸ்த்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ் பகுதியிலேயே அது விளைகிறது. நாங்கள் வாங்கியது கேஸ்கேட் என்னும் அமெரிக்க வகை. பம்பளிமாஸ் தோலைக் கிள்ளியதுபோல் மணக்கும். பள்ளியில் லா ஃபோந்தேன் கதைகளை உருப்போட்ட என் பிரெஞ்சு, கடைசியில் பீர்ப் பொட்டலத்தின் விளக்கம் படிக்க உதவியது.

கணக்கு எளிது. பத்து லிட்டருக்கு மால்ட் பொடி ஒரு கிலோ. ஐந்து லிட்டர் தண்ணீரில் பாதிப் பொடியை மட்டும் கரைத்துக் கொதிக்கவிட்டோம். மீதியைக் கடைசியில் போட்டால்தான் நிறம் கறுக்காது. முதலில் போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும். இறக்கும்போது போடுவது வாசத்தைத் தரும். ஆகவே முதலில் 10 கிராம், இறுதியில் 20 கிராம். நடுவே அரைமணி நேரம் அடுப்பை விட்டு நகரக்கூடாது. பால்போலப் பொங்கிவிடும்.

அந்த அரைமணியில்தான், கரண்டியால் கிளறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான். "ஒரு நாள் வெச்சிருக்கக் கூடாதாப்பா?"

"வெச்சிருக்கணும்டா. சுத்தி இருந்தவங்க அவசரப்படுத்தினாங்க. நான் பேசாம இருந்துட்டேன்."

கொஞ்ச நேரம் கிளறினான். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம்" என்றான். பூவை நிறுத்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆறிய பிறகு அதில் படும் பாத்திரம், குழாய், மூடி எல்லாவற்றையும் கிருமிநாசினியில் முக்கி எடுத்தோம். கனமான பீரில் சின்னக் குறை மறைந்துவிடும், லேசானதில் மறையாது. தண்ணீர் சேர்த்து, ஈஸ்ட் தூவி, இருபது டிகிரி அறையில் மூடி வைத்தோம். பத்து நாள் கழித்து அடர்த்தி பார்த்தேன். இரண்டு நாள் விட்டு மறுபடி பார்த்தபோதும் அதே எண். அப்படி நிலைத்தால்தான் பாட்டிலில் அடைக்கலாம், இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். முப்பத்தைந்து வருஷம் பேரேடு பார்த்தவன், எண்ணை நம்பி ஏமாறவில்லை. நுரைக்காக 60 கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்து, இரண்டு வாரம் இருட்டில் வைத்தோம்.

இருபத்தேழாம் நாள் மாலை முதல் பாட்டிலைத் திறந்தான். வைக்கோல் நிறம், மெல்லிய கசப்பு. போதை மூன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து அவளைப் பற்றி இருட்டும்வரை பேசினோம்.

போன வாரம் போனில், "ஒரு பாட்டில் உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேம்பா" என்றான்.

"அது எடுத்து வைக்கிற பீர் இல்லைடா. ஹாப்ஸ் வாசம் போயிருக்கும். இன்னைக்கே திறந்து குடி."

"சரி. அப்ப புதுசா போடணுமே. எப்ப வர்றீங்க?"