யூரோடைனமிக் டெஸ்டுக்குப் போகிறவர்களுக்கு

சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் இந்த டெஸ்டை அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தபோது, "சின்ன டெஸ்ட்தான்" என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. நம் ஊரில் மூத்திர விஷயம் என்றாலே குரல் தாழ்ந்துவிடும்.

சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் வரச் சொல்வார்கள். முதலில் புனல் பொருத்திய நாற்காலியில் உட்கார்ந்து சிறுநீர் போக வேண்டும். வேகத்தை மெஷின் அளக்கும். அடுத்ததுதான் சங்கடம். பைக்குள் ஒரு மெல்லிய குழாய், ஆசனவாயில் இன்னொன்று. "அங்க எதுக்குப்பா?" என்றார் அம்மா. அந்தக் குழாய் அளக்கும் வயிற்றின் அழுத்தத்தைக் கழித்தால்தான் பையின் சொந்த அழுத்தம் தெரியும்.

பிறகு பைக்குள் சலைன் மெதுவாக ஏறும். "இருமுங்கம்மா", "இப்ப முட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பதில் சொல்ல வேண்டுமே, அதனால் மயக்க மருந்து கிடையாது. நடுவில் கசிந்தால் கூச வேண்டாம். எப்போது கசிகிறது என்று பார்க்கத்தானே இந்த டெஸ்டே! மானம் போகிறதென்று சொல்லாமல் அடக்கினால் ரிப்போர்ட்டுதான் தப்பாக வரும்.

பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ஓரிரு நாள் எரிச்சல் இருக்கலாம். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், மூத்திரம் போகவே முடியாவிட்டால், உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். யூரின் இன்ஃபெக்‌ஷன் இருப்பதுபோல் தெரிந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள். பெண் டெக்னீஷியன் வேண்டுமென்றாலும் அப்போதே கேட்டுவிடலாம்.