எந்த வாத்தியாரிடம்?

நாட்டியம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் மூன்று பேர் சிரித்தார்கள். என் கணவர் உரக்கச் சிரித்தார். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்துவைத்தேன். சிரிக்காதவர் என் மாமியார் ஒருவர்தான். அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எந்த வாத்தியார்கிட்டே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அன்றைக்கே காதில் போட்டுக்கொண்டிருந்தேனானால் என் முழங்கால் பிழைத்திருக்கும்.

பெண்ணை நாட்டிய வகுப்பில் சேர்க்க வேண்டுமென்று இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கோ சதுரங்கம்தான் உயிர். "அவ்வளவு ஆசையாயிருந்தா நீயே போயேம்மா!" என்று ஒரு நாள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஒன்பது வயசுக் குழந்தை சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. வாஸ்தவம்தானே? ஆசை யாருடையது? என் சின்ன வயதில் அப்பாவின் சம்பளத்தில் பாட்டு கற்றுக்கொள்ளவே வழியில்லை. ஆட்டத்துக்கு எங்கே போவது?

36 வயதில் சலங்கையா என்ற கூச்சம் இருக்கத்தான் இருந்தது. அதற்கு ஒரு மருந்து கைவசம் வைத்திருந்தேன். ருக்மிணிதேவி அருண்டேல் பிறந்தது 1904-ல். முதலில் அவர் கற்றது பரதநாட்டியமல்ல, பாலே! ருஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நார்டியிடம் பாடம். 'உங்கள் தேசத்துக் கலையைத் தேடிப் போங்கள்' என்று தூண்டிவிட்டவரே பாவ்லோவாதான். பிறகு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935-ல் அடையாற்றில் மேடையேறியபோது அவருக்கு வயது 31. அடுத்த வருஷமே கலாக்ஷேத்திரா பிறந்துவிட்டது. 31-க்கும் 36-க்கும் அப்படியென்ன பெரிய தூரம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவருக்கு வாய்த்த குருமார்கள் எனக்கும் வாய்ப்பார்களா என்று மட்டும் யோசிக்கவில்லை.

நான் சேர்ந்த இடம் எங்கள் தெருக்கோடியில் இருந்தது. கிட்டே இருக்கிறது என்பதுதான் நான் பார்த்த ஒரே லட்சணம். பளபளவென்று சலவைக்கல் தரை, குளிர்சாதனம், சுவர் நிறையக் கண்ணாடி. பணம் கட்டும்போதே ஓர் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் அரங்கேற்றம். மண்டபம், ஒப்பனை, புகைப்படம், சிற்றுண்டி எல்லாம் சேர்த்து இன்ன தொகை. கல்யாணக் கான்ட்ராக்டர் தோற்றார், போங்கள்!

வகுப்பில் முப்பது பேர். ஜதி ஒலிபெருக்கியில் ஓடும், யாருக்காகவும் நிற்காது. ஆசிரியை முன்வரிசைக்கு எதிரே நின்று ஆடுவார். பின்வரிசையில் நாங்கள் முன்வரிசையின் முதுகைப் பார்த்து ஆடுவோம். என் அரைமண்டி போதவில்லை என்று, "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று ஒரு நாள் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். மூன்றாவது வாரம் வலது முழங்கால் பூரி மாதிரி உப்பிவிட்டது. பத்து நாள் மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் உத்தரவு.

விஷயம் என்னவென்று டாக்டர்தான் விளக்கினார். பாதங்களை இரண்டு பக்கமும் திருப்பி உட்காரும்போது அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு விரியாத உடம்பில் பாதத்தை மட்டும் பலவந்தமாகத் திருப்பினால் நடுவில் அகப்பட்ட முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பாலேயிலும் இதே கதைதானாம். போதாக்குறைக்குக் கல் தரை. வெறுங்காலால் தட்டுகிற தட்டையெல்லாம் அது வாங்கிக்கொள்ளாமல் நமக்கே திருப்பித் தந்துவிடும்.

ஒத்தடம் கொடுக்க வந்த மாமியார் மெதுவாகச் சொன்னார்: "கும்பகோணத்திலே எனக்கு எட்டு வயசிலே ரெண்டு மாசம் சொல்லிக்கொடுத்தாங்க. அப்புறம் எங்க தாத்தா நிறுத்திட்டார். அடுத்த இடத்துக்கு நானும் வரேன். நீ டீச்சரைப் பாரு. நான் கடைசி வரிசையைப் பார்க்கறேன்."

பதினான்கு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

இரண்டாவது இடத்தில் வகுப்பைப் பார்க்க விடமாட்டோம் என்றார்கள். "பொண்ணு பார்க்காமலே தாலி கட்டச் சொல்றா மாதிரி இருக்கே!" என்று மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார்.

மூன்றாவது, ஒரு வீட்டின் மாடிக் கூடம். ரப்பர் விரிப்புப் போட்டு அதன்மேல் மரப்பலகை அடித்திருந்தார்கள். கண்ணாடியும் இல்லை, குளிர்சாதனமும் இல்லை. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், தட்டுக்கழியால் கட்டையைத் தட்டிக்கொண்டு, 'தெய்யா தெய்' என்று தம் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஒரு குண்டுப் பையன் இடது காலுக்குப் பதில் வலது காலைத் தட்டினான். கழி நின்றது. அம்மாள் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்று, அவனுக்காக முதல் காலத்தில் நாலு தடவை சொன்னார். பையன் சரியாகத் தட்டியதும்தான் திரும்பி வந்தார். மாமியார் என்னை முழங்கையால் இடித்தார்.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியல்ல. "முட்டி வலி உண்டா?" என்றார். கதையைச் சொன்னேன். "பாதி உட்கார்ந்தால் போதும். முட்டி கால் விரலுக்கு நேராகப் போகட்டும். மிச்சத்தை உங்கள் இடுப்பு வருஷக்கணக்கில் கொடுக்கும்" என்றார். அரங்கேற்றம் பற்றிக் கேட்டேன். "நாலைந்து வருஷம் கழித்து ஞாபகப்படுத்துங்கள்" என்று சிரித்தார். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "நீங்களும் சேருகிறீர்களா, அம்மா?" என்றார்.

"எனக்கா? 68 ஆச்சு!"

"நாற்காலியில் உட்கார்ந்தபடியே முத்திரை பிடிக்கலாம். ஒற்றைக் கை முத்திரை 28 இருக்கிறது. அப்புறம் பதம். உட்கார்ந்தே பதம் பிடித்து சபையை அழவைத்தவர்கள் நம்மிடம் உண்டு."

மாமியார் பதில் சொல்லவில்லை. வழி நெடுகப் பேசவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை இருவரும் தாம்பூலத்தட்டோடு போய்ச் சேர்ந்தோம். எனக்கு இடம் கடைசி வரிசை, குண்டுப் பையனுக்குப் பக்கத்தில். "ஆன்ட்டி, நீங்களும் தப்பாத்தான் தட்டறீங்க" என்று அவன் ரகசியமாகச் சொன்னான்.

அன்றிரவு சமையலறையில் விளக்கு எரிந்தது. மாமியார் வலது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பதாகம் வந்துவிட்டது. அடுத்தது திரிபதாகம். அதற்கு மோதிர விரலை மடிக்க வேண்டும். மாமனார் காலத்து மோதிரம், கணு வீங்கி இறுகிப்போய் விரலை மடியவிடவில்லை.

என்னைப் பார்த்ததும், "அந்தச் சோப்பை எடு" என்றார்.