சோளகத்துக்கு முதுகு காட்டிய கரை

ரொறொன்ரோவிலிருந்து அக்காவின் மகன் போன் எடுத்தான். "மாமா, ஆகஸ்டிலை பிள்ளையளோடை வாறம். நாலு நாள் தீவுப் பக்கம் நிண்டு கடல் குளிக்கவேணும். எந்தத் தீவு நல்லது?" என்றான்.

"ஆரார் வருகினம்? கடைக்குட்டிக்கு எத்தினை வயசு?" என்று கேட்டேன். ஐயாவும் இப்படித்தான் தொடங்குவார். நல்ல தீவு, கூடாத தீவு என்று அவரிடம் கிடையாது. இன்னாருக்கு, இன்ன மாதத்தில் தோதான தீவு என்றுதான் இருந்தது.

அதற்கென்றே ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் அந்தக் கொப்பியோடு உட்கார்ந்துவிடுவார். முதலில் ஆட்களின் பெயர், பெயருக்கு நேரே அவரவர் பாடு. ஆச்சிக்கு முழங்கால் வருத்தம். அம்மாவுக்கு வள்ளம் ஆடினால் தலை சுற்றும். தம்பிக்கு நீந்தத் தெரியாது, ஆனால் தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டான். இதையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் காற்றைப் பற்றி யோசிப்பார்.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை யாழ்ப்பாணத்தில் சோளகம். தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கிற காற்று. அந்த மாதங்களில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிற ஒரு மணித்தியாலமும் வயிற்றைப் பிரட்டிவிடும். ஆனால் காரைநகர் கசூரினாக் கரை வடக்கே பார்த்துக் கிடக்கிறது. தீவு முழுவதும் காற்றைத் தன் முதுகில் வாங்கிக்கொள்ள, கரையில் கடல் குளத்துத் தண்ணீர்போலக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினால் கதை தலைகீழ். ஆகவே ஆகஸ்ட் விடுமுறைக்குக் கசூரினா, இரண்டு காற்றுக்கும் இடையில் கடல் அடங்கிக் கிடக்கும் சித்திரையில் நெடுந்தீவு. நயினாதீவு இந்தக் கணக்கில் வராது. அங்கே நாகபூசணி அம்மன் கூப்பிடுகிறபோது போகவேண்டும், ஆனித் திருவிழாவுக்கு.

எங்கள் வீடு சங்கானையில். ஆகஸ்டில் மாமி வீட்டாரையும் சேர்த்துத் தட்டிவான் ஒன்று பேசுவார்கள். மூளாய் கடந்து, பொன்னாலையில் கடலை வெட்டிப் போட்ட நீண்ட தாம்போதியில் வான் ஏறியதும் பெரியவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இரண்டு பக்கமும் முழங்காலளவு தண்ணீர், கூட்டம் கூட்டமாகப் பறவைகள், நடுவில் நாங்கள். அந்தப் பாதையில் வைத்துத்தான் ஐயா ஒல்லாந்தர் கதையைச் சொல்லுவார். அவர்கள் காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம் என்று பெயர் வைத்தார்கள், வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம். "ஊர் நினைவு வந்து வைச்ச பேர்கள்" என்பார். அப்போது அது எனக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். பிறகு ரொறொன்ரோவில் ஒருவர் தன் வீட்டு வாசலில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதி மாட்டியிருந்ததைப் படத்தில் கண்டபோது அந்தத் தாம்போதி நினைவுக்கு வந்தது.

கசூரினாவில் இறங்கினால் முதலில் காதுக்குள் நுழைவது சவுக்கு மரங்களின் இரைச்சல். கடல் சத்தம் போடாது. தம்பி கழுத்தளவு தண்ணீர் தேடி நடந்துகொண்டே இருப்பான், கரையில் நிற்கிறவர்கள் புள்ளியாய்ப் போனாலும் தண்ணீர் இடுப்புக்கு வராது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அதைவிடத் தோதான கடலை நான் பிறகு எங்கும் காணவில்லை. ஆச்சி சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்காலளவில் நிற்பா. முழங்காலுக்கு உப்புத்தண்ணீர் நல்லதாம். ஒரு மணித்தியாலம் ஒரே இடத்தில் நிற்பா, காலடி மணல் அரித்து அரித்து ஒரு பக்கம் சாய்ந்து போகும்வரை.

மத்தியானம் கூழ். வீட்டிலேயே ஒடியல் மாவை ஊறப்போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். அங்கே மூன்று கல் வைத்து, சவுக்குச் சருகில் நெருப்பு மூட்டி, பெரிய பானையில் பயத்தங்காயும் பலாக்கொட்டையும் ஒரு பிடி அரிசியும் அவியவிடுவா மாமி. மீனும் நண்டும் இறாலும் அன்றைக்குக் காலையில் கரைக்கு வந்த வள்ளத்திலிருந்து. பிறகு முருங்கையிலை, அரைத்த செத்தல்மிளகாய், புளி. மாவைக் கரைத்து ஊற்றுகிற நேரம் அம்மா யாரையும் கிட்ட விடமாட்டா. கட்டி பட்டால் போச்சு. மாமா பனையோலை வெட்டி வந்து ஆளுக்கொரு பிளா கோலித் தருவார். ஓலையின் பச்சை வாசமும் கூழின் உறைப்பும் கைவிரலிலிருந்த உப்பும் சேர்ந்த அந்த ருசி கோப்பையில் வராது. எத்தனையோ தரம் வீட்டில் செய்து பார்த்துவிட்டேன், வரவில்லை.

நெடுந்தீவுக்கு 1982 சித்திரையில் போனதுதான் எங்களுக்குக் கடைசி. குமுதினிப் படகில் போனோம். அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தா. நெடுந்தீவில் நிழல் குறைவு, நல்ல தண்ணீரும் குறைவு, ஆகவே ஆச்சிக்கு அது சரிவராது என்று கொப்பியில் எழுதியிருந்தது. ஆச்சி கேட்கவில்லை, வந்தா. பவளக்கல்லை அடுக்கி வளவுக்கு வளவு எழுப்பிய கல்வேலிகள், ஒருவர் உள்ளே புகுந்து நிற்கக்கூடிய பெருக்குமரம், வெளியில் மேய்ந்து திரிந்த குதிரைகள் எல்லாவற்றையும் நடந்தே பார்த்தா. ஒரு குட்டிக் குதிரை தண்ணீரில்லாத கேணியில் வாய் வைத்ததைக் கண்டுவிட்டு, எங்களுக்கென்று கொண்டுபோன தண்ணீரில் பாதியை அங்கே ஊற்றினா. ஐயா ஒன்றும் சொல்லவில்லை.

1985 மே 15ஆம் திகதி அதே குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதில் வந்தவர்களில் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். எங்களைத் தூக்கி ஏற்றிவிட்ட, ஆச்சிக்கு இடம் விட்டுக்கொடுத்த முகங்களில் எவை அதற்குள் இருந்தன என்று ஆச்சி பல நாள் கேட்டுக்கொண்டிருந்தா. சொல்ல எங்களிடம் பெயர்கள் இல்லை. அதன் பிறகு ஐயா கொப்பியில் நெடுந்தீவுப் பக்கத்தைத் திறக்கவில்லை. 1991இல் காரைநகர்ச் சனம் போரால் இடம்பெயர்ந்து தாம்போதியால் எங்கள் பக்கம் வந்தது. எங்கள் வீட்டு விறாந்தையிலும் இரண்டு குடும்பம் தங்கியது. கசூரினாவைப் பற்றி அப்போது ஒருவரும் கதைக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள் நாங்களும் வெளிக்கிட்டோம். ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனோம். கொப்பி புத்தக அலுமாரியிலேயே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை.

இப்போது கசூரினாவுக்குத் தெற்கிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் நிற்கிற கடற்கோட்டையைக் கடற்படை தங்குவிடுதியாக நடத்துகிறது. மருமகன் அங்கே தங்கலாமா என்றும் கேட்டான். அதை அவன்தான் தீர்மானிக்கவேண்டும் என்றேன்.

கடைக்குட்டிக்கு நாலு வயது, நீந்தத் தெரியாது. அக்காவுக்கு இப்போது முழங்கால் வருத்தம். ஆகஸ்ட், சோளகக் காலம். வேறு யோசனையே தேவையில்லை. நேற்றுச் சந்தியில் ஒரு கொப்பி வாங்கி, ஆறு பேரின் பெயரையும் எழுதிவிட்டேன். பிளா கோலத் தெரிந்தவர் ஒருவர் மூளாயில் இருக்கிறாராம், நாளைக்குப் போய்ச் சொல்லிவைக்கவேணும்.