மூன்றாம் மாடியில் ஒரு பீகிள்

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அம்மா வழக்கம்போல யாருக்கோ ஊறுகாய் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ஆடியோவையும் கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

குரைத்தால் ஷாக் அடிக்கிற கழுத்துப்பட்டை ஒன்றை வாங்கப் போகிறாயாம். உன் ஆபீஸில் யாரோ, தொண்டையில் சின்ன ஆபரேஷன் செய்துவிட்டால் சத்தமே வராது என்றும் சொன்னாராம். இரண்டும் வேண்டாம். அந்த மின்சாரப் பட்டையை வேல்ஸ் நாட்டில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். குரல் ஆபரேஷனை, வளர்ப்புப் பிராணிகளுக்கான 1987 ஐரோப்பிய உடன்படிக்கை, வாலை நறுக்குவது, காதை நறுக்குவது என்கிற கொடுமைகளோடு சேர்த்தே விலக்கி வைத்திருக்கிறது. அதைச் செய்தாலும் நாய் குரைப்பதை நிறுத்தாது, கரகரத்த குரலில் இரைந்துகொண்டேதான் இருக்கும். வெட்டின இடத்தில் தழும்பு தடித்து மூச்சுப் பாதை குறுகிப்போவதும் உண்டு. எதற்காகக் கத்துகிறதோ அந்தக் குறை மட்டும் தீராது.

ஆடியோவுக்கு வருகிறேன். முதலாவதில் உன் பீகிள் புருனோ கட்டைக் குரலில், மூச்சுவிடாமல் அடுக்கடுக்காகக் குரைக்கிறான். வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். இரண்டாவதில் உச்சக் குரலில் ஒரு குரைப்பு, கொஞ்ச நேரம் சும்மா, மறுபடி ஒன்று, கடைசியில் இழுத்து ஒரு ஊளை. வீட்டில் யாரும் இல்லை. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பதிவு செய்து உனக்கு அனுப்பியிருப்பார், சரிதானே? மூன்றாவது உறுமல். கயிறு இழுக்கிற விளையாட்டு. பின்னால் நீ சிரிப்பதும் கேட்கிறது, அது இல்லாமலே சொல்லியிருப்பேன்.

அக்காவுக்கு ஞானதிருஷ்டி வந்துவிட்டது என்று நினைக்காதே. ஹங்கேரியில், புடாபெஸ்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், பேட்டர் பொங்ராட்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் அந்த நாட்டு மந்தை நாய்களின் குரைப்பைப் பல சந்தர்ப்பங்களில் பதிவு செய்தார்கள். அந்நியர் வந்தபோது, தனியாகக் கட்டிப்போட்டபோது, பந்துக்காகக் காத்திருந்தபோது என்று. பிறகு சத்தத்தை மட்டும் ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, எது எந்தச் சமயம் என்று கேட்டார்கள். 2005-ல் அது கட்டுரையாக வந்தது. நாய் வளர்த்தே அறியாதவர்கள்கூட, குருட்டாம்போக்கில் சொன்னால் வருவதைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவர்களாலும் முடிந்தது என்று அந்த ஆராய்ச்சிக்காரர்களே பின்னால் காட்டினார்கள். கலிபோர்னியாவில் சோஃபியா யின் என்ற கால்நடை மருத்துவர் 2002-ல் இதையே வேறு விதமாகச் செய்தார், குரைப்பின் ஒலியை அளந்து பார்த்தார். வாசல் மணி அடித்தால் வருவது தடித்து, கரடுமுரடாக, வேகமாக இருக்கிறது. தனிமையில் வருவது மெலிந்து, உயர்ந்து, விட்டுவிட்டு வருகிறது. ஆக உனக்கும் கேட்டால் தெரியும். நீ கேட்பதில்லை, 'சத்தம் போடாதே' என்று கத்துகிறாய். அவனுக்கு அது, அண்ணனும் கூடச் சேர்ந்து குரைக்கிறான் என்றுதான் படும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வாங்கும்போது காதும் கண்ணும் அழகாக இருக்கிறது என்று மயங்கினாயே, பீகிள் எதற்காக உண்டாக்கப்பட்ட ஜாதி என்று விசாரித்தாயா? இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கு. கூட்டமாக மோப்பம் பிடித்து ஓடும், வேட்டைக்காரர்கள் பின்னால் நடந்து வருவார்கள். வாசனை கிடைத்ததும் தொண்டை திறந்து முழங்கினால்தானே அவர்களுக்கு வழி தெரியும்? தலைமுறை தலைமுறையாக, உரக்கக் கத்துகிற குட்டிகளாகப் பார்த்துப் பார்த்து இனம் பெருக்கிய நாயை வேளச்சேரி ஃப்ளாட்டில் வைத்துக்கொண்டு, ஏன் கத்துகிறது என்று கேட்கிறாய்.

வாசல் சத்தத்துக்கு வைத்தியம் சுலபம். அவன் கணக்கைப் பார். கூரியர்காரர் வருகிறார், இவன் குரைக்கிறான், அவர் போய்விடுகிறார். பொட்டலத்தைக் கொடுத்தால் போகத்தானே செய்வார், ஆனால் அது புருனோவுக்குத் தெரியாதே. தினமும் சாப்பாடு கொண்டுவருகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று எத்தனை பேரை விரட்டி வெற்றி கண்டிருக்கிறான்! நடைபாதை தெரிகிற அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியில் மங்கலான தாள் ஒட்டு. மணி அடித்ததும் அவனை அவனுடைய பாய்க்கு அனுப்பி, வாயை மூடிய அந்த நொடியில் ஒரு துண்டு கோழி கொடு. குரைக்கும்போது கொடுத்தால் குரைப்பதற்குத்தான் கூலி என்று எடுத்துக்கொள்வான்.

என் கவலை இரண்டாவது ஆடியோதான். காலையில் போனால் இருட்டிய பிறகு வருகிறாய். கூட்டத்தோடு ஓடப் பிறந்தவன், பகல் பூராவும் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீ இல்லாதபோது கதவைப் பிறாண்டுவது, எச்சில் ஒழுகுவது, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பது எல்லாம் இருக்கிறதா என்று பார். இருந்தால் அது சேட்டை இல்லை, பயம். பயத்தை அதட்டி அடக்க முடியாது. ஷாக் பட்டை போட்டால் பயத்தோடு வலியும் சேரும், அவ்வளவுதான். ஒரு வாரம் லீவு போடு. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் உடனே திரும்பி வா. அடுத்த முறை மாடிப்படி வரை போய் வா. அவன் கலங்குவதற்கு முன்னால் நீ திரும்பிவிட வேண்டும், நேரத்தை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். கிளம்பும்போது கொஞ்சி வழியனுப்புகிற நாடகம் வேண்டாம். காலையில் அரை வட்டம் சுற்றிவிட்டு ஓடாதே, மோந்து மோந்து நடக்க விடு. மோப்பம் அவனுக்கு வேலை, அந்த வேலை முடிந்தால் தூங்குவான். சாப்பாட்டைத் தட்டில் கொட்டாமல் பழைய துண்டில் சுருட்டி ஒளித்து வை, தேடித் தின்னட்டும். பகலில் ஒரு தடவை யாராவது வந்து வெளியே கூட்டிப்போக ஏற்பாடு செய். சம்பளம் கொடுத்தாவது செய். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் நாய் உனக்குத் தோதில்லை. முகத்துக்கு நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உறுமலில் ஒரே ஒரு எச்சரிக்கை. விளையாட்டில் வருவது இருக்கட்டும். எலும்பைக் கடிக்கும்போது பக்கத்தில் போனால் வருகிற உறுமல் வேறு. அதே புடாபெஸ்ட்காரர்கள் 2010-ல், எலும்பை எடுக்க வந்த நாய்க்கு மறைவில் இருந்து உறுமல்களை ஒலிக்கவிட்டார்கள். சாப்பாட்டைக் காக்கிற உறுமலைக் கேட்டுத்தான் நாய்கள் பின்வாங்கின, அந்நியரைப் பார்த்து உறுமியதற்கும் விளையாட்டு உறுமலுக்கும் அவ்வளவாக அசரவில்லை. உறுமினால் அடிக்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது, கேஸ் கசிகிற வீட்டில் நாறுகிறதே என்று மூக்கை அடைத்துக்கொள்வதற்குச் சமம். அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கோபத்தை விடாது. அடுத்த முறை நேரே கடிக்கும். உறுமினால் ஒதுங்கு, எதற்கு உறுமினான் என்று பிறகு யோசி.

ஊளைக்கு அம்மா பயந்துபோய்விட்டாள். நீ எனக்கு அனுப்பினதை அவளும் கேட்டுவிட்டு, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகப்போகிறதா என்று கேட்டாள். நாய் ஊளையிட்டால் அப்பத்தா எமன் வருகிறான் என்று செருப்பைக் கவிழ்த்துப் போடுவாளே, அந்த வழிதான். இழுத்து ஒலிக்கிற எந்தச் சத்தத்துக்கும் நாய் ஊளையிடும்: ஆம்புலன்ஸ், சங்கு, நாதஸ்வரம். ஓநாய்கள் பிரிந்து போன கூட்டத்தைக் கூப்பிடுகிற பழக்கத்தின் மிச்சம் அது. மாரியம்மன் கோயில் கொடையில் நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தால் தெரு நாய்கள் அத்தனையும் ஸ்ருதி சேர்த்தது உனக்கு நினைவிருக்கும்.

சேராத ஒரே நாய் நம்ம வெள்ளைதான். சுத்த ராஜபாளையம், இளஞ்சிவப்பு மூக்கு, பாலாட்டம் உடம்பு, இரண்டு காதும் கேட்காது. 2005-ல் தபால்தலை போட்டு நம் ஊர் நாயைக் கௌரவித்தார்கள். ஆனால் வெள்ளை வெளேரென்று வேண்டும் என்று வளர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் நிறையப் பிறக்கின்றன என்பது ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உள்காதுக்கும் வேண்டும், அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் சக்தி போய்விடும். தீபாவளியன்று தெருவே அதிர, அது திண்ணையில் குறட்டை விட்டுத் தூங்கியதே! மற்ற நாய்கள் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிற ஒலி அவற்றுக்குச் சுமார் 45,000 வரை கேட்கிறது, நடுங்காமல் என்ன செய்யும். வெள்ளையைக் கூப்பிட அப்பா தரையில் காலைத் தட்டுவார். கேட் அதிர்ந்தால் எழுந்து, தானே கேட்க முடியாத குரலில், தெருக்கோடி வரை எட்டுகிற மாதிரிக் குரைக்கும்.

சில சத்தங்களுக்கு டாக்டரிடம் போக வேண்டும். நாம் முன்னே வளர்த்த ஜிம்மிக்கு வயதானபோது வாத்து கத்துகிற மாதிரி ஓர் இருமல் வந்ததல்லவா? பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து ஒடுங்கினால் அப்படித்தான் வரும். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் இன்னும் மோசமாகும், மார்பில் மாட்டுகிற வார்தான் நல்லது. கிழட்டு நாய் நடுராத்திரியில் சுவரைப் பார்த்துக் கத்தினால் மூளை தளர்ந்துபோயிருக்கலாம். குரல் திடீரென்று கம்மி, எச்சில் ஒழுகி, நடத்தையும் மாறினால் பக்கத்தில் போகாதே, வெறிநோயாக இருக்கலாம், உடனே டாக்டருக்குச் சொல்.

இனி நாயைப் பற்றி உன் குடியிருப்போர் சங்கம் கொடுத்த நோட்டீஸ். குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. குரைப்பது நாயின் இயல்பு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் அதில் இருக்கிறது. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போய்விடாதே. இரவில் நாயை அமைதியாக வைத்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு அரசு விதித்த ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45. ஆஸ்திரேலியாவில் 2012-ல் ஒரு கோல்டன் ரெட்ரீவர் 113.1 டெசிபலில் குரைத்துக் கின்னஸில் ஏறியது. புருனோ அந்த அளவுக்கு இல்லை, ஆனால் 45-ல் அடங்குகிறவனும் இல்லை. கீழ் வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற நர்ஸ் இருக்கிறார் என்று நீதான் சொன்னாய். அவருக்குச் சட்டம் வேண்டாம், தூக்கம்தான் வேண்டும்.

அதனால் நீயே அவர் வீட்டுக்குப் போ. அம்மா கொடுத்த ஊறுகாய் பாட்டிலில் ஒன்றை எடுத்துக்கொள். எந்த நேரத்தில் அதிகம் கத்துகிறான் என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள், நீ இல்லாத நேரத்து விவரம் அவருக்குத்தான் தெரியும். என்ன செய்யப் போகிறாய், சரியாக எத்தனை வாரம் ஆகும் என்று சொல், உன் நம்பரையும் கொடு. சங்கத்துச் செயலாளரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு அவனை இங்கே கொண்டு வராதே, இங்கே வெடி அதிகம். பொங்கலுக்குக் கூட்டி வா. அவனுடைய தடுப்பூசிக் கார்டைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு, வெறிநாய்த் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா