கோயமுத்தூர் கப் அடிச்ச வருசம்

எப்பவும் வெங்காயம், மஞ்சள், போர் தண்ணி, ஆள் கூலின்னே எழுதிட்டு இருக்கேன். இன்னைக்கு ஒரு மாறுதலுக்குப் புட்பால். பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருத்தன், பத்தாவது படிக்கிறான், "ஏனுங் பெரியப்பா, கோயமுத்தூர்ல ஆடுன டீம் இந்தியாவுலயே ஜெயிச்சுதாமா, நெசமா?"ன்னு கேட்டான். நெசந்தான் சாமி. ரொம்ப வருசம்கூட ஆகல, அதுக்குள்ள இப்படிக் கேக்குற நிலைமைக்கு வந்துருச்சு. அதான் எழுதி வைக்கலாம்னு உக்காந்தேன்.

இந்தியாவுல 1996-ல நேஷனல் புட்பால் லீக்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 2007-ல அதை மாத்தி ஐ-லீக் ஆக்கினாங்க. கல்கத்தாவுல மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், கோவாக்காரங்க, பஞ்சாப்காரங்க, அப்புறம் வடகிழக்கு மாநிலத்துக்காரங்க, இவங்கதான் அதுல பெரிய ஆளுக. நம்ம பக்கம் இருந்து சென்னை சிட்டி எஃப்.சி.ன்னு ஒரு டீம் 2016-17-ல உள்ள போச்சு. பேருதான் சென்னை. சொந்த மைதானம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம், நம்ம வ.உ.சி. பார்க்குக்குப் பக்கத்துல இருக்கே, அதுதான்.

முதல்ல ஒண்ணும் சொல்லிக்கற மாதிரி இல்ல. 2017-18-ல பத்து டீம்ல எட்டாவது. அடுத்த வருசம் அதே டீம் முதல் இடம்னா யாராச்சும் நம்புவாங்களா?

மாத்தினது என்னன்னா, சிங்கப்பூர்க்காரரு அக்பர் நவாஸ் கோச்சா இருந்தாரு. ஸ்பெயின்ல சின்ன டிவிஷன்கள்ல ஆடிட்டு இருந்தவங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. பெத்ரோ மான்சி, நெஸ்தர் கோர்தியோ, சாண்ட்ரோ, எஸ்லாவா. பெரிய பேரு வாங்கின ஆளுக யாருமில்ல. கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரோமாரியோ ஜேசுராஜ்னு நம்ம தமிழ்நாட்டுப் பசங்களும் ஆடினாங்க. பந்தைத் தூக்கித் தூக்கி அடிக்காம, தரையோட தரையா, வாய்க்கால்ல தண்ணி பாயற மாதிரி கால் மாத்திக் கால் மாத்திக் கொண்டு போவாங்க. எனக்குப் புட்பால் சட்டம் முழுசாத் தெரியாது. ஆனா பாக்க அழகா இருந்துச்சுங்க.

எங்க அண்ணன் பையனுக்கு அப்ப பதினாறு வயசு. பந்துன்னா சோறு வேண்டாம். அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்காது. அதனால அன்னூர்ல இருந்து பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போற வேலை எனக்கு. 2018 அக்டோபர் கடைசியில முதல் மேட்ச், இந்தியன் ஏரோஸ் டீமை 4-1-ன்னு அடிச்சாங்க. மான்சி ஒருத்தரே மூணு கோல். அந்த சீசன் முடியறப்ப அவரு கணக்கு 21. சர்ச்சில் பிரதர்ஸ்ல ஆடின வில்லிஸ் பிளாசாவும் அதே 21. ரெண்டு பேருந்தான் லீக்லயே அதிகம்.

அந்த சீசன்ல 11 டீம், ஆளுக்கு 20 மேட்ச். கடைசி மேட்ச்சுக்கு முன்னாடி கோவாவுல சர்ச்சில்கிட்ட 2-3-ன்னு தோத்துட்டாங்க. அதனால எல்லாம் கடைசி நாள்ல வந்து நின்னுச்சு. நம்ம ஆளுக 40 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 39. ரெண்டு மேட்ச்சும் ஒரே நேரத்துல.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. எதிர்ல மினர்வா பஞ்சாப், அதுக்கு முந்தின வருசத்து சாம்பியன். உக்காந்து மூச்சு விடறதுக்குள்ள அவங்க ஒரு கோல் போட்டுட்டாங்க. கோழிக்கோட்டுல கோகுலம் டீமோட ஈஸ்ட் பெங்கால் ஆடிட்டு இருந்தாங்க. அங்க என்ன ஆச்சுன்னு பாதிப் பேரு போனையே பாத்துட்டு இருந்தாங்க. பாதி நேரம் முடிஞ்சப்ப நம்ம டீம் 0-1. பையன் ஒரு வார்த்தை பேசல. வாங்கிக் குடுத்த கடலை அப்படியே மடியில கெடந்துச்சு.

ரெண்டாவது பாதியில பெனால்டி கெடைச்சு மான்சி சமன் பண்ணினாரு. சமன் ஆனா மட்டும் பத்தாது, ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா அவங்களுக்குத்தான் கப். அப்பத்தான் கௌரவ் போரா, காவல் ஆட்டக்காரரு, கோல் போடறது அவரு வேலையே இல்ல, அவரு ஒண்ணு போட்டாரு. கடைசியில இன்னொண்ணும் போட்டாரு. 3-1. அங்க ஈஸ்ட் பெங்காலும் முதல்ல பின்தங்கி, அப்புறம் 2-1-ன்னு ஜெயிச்சுட்டாங்க. கணக்கு 43-க்கு 42. ஒரே ஒரு பாயிண்ட். அந்த ரெண்டு கோல் இல்லாட்டி கப் கல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

ஸ்டேடியத்துல முன்பின் தெரியாதவங்க எல்லாம் கட்டிப்புடிச்சுக்கிட்டாங்க. ஊருக்கு வந்ததும் எங்க அண்ணன், "சரி, ஆடட்டும், படிப்பையும் விடக்கூடாது"ன்னு ஒரே வரியில சம்மதிச்சாரு. அது எங்க வீட்டுல ஒரு பெரிய விசயமுங்க.

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும். அந்த 2019-லயே மேல முடிவு மாறிப்போச்சு. ஐ.எஸ்.எல்.தான் இனி நாட்டோட முதல் தர லீக், ஐ-லீக் ரெண்டாவதுன்னு ஆயிருச்சு. ஐ-லீக் ஜெயிச்சு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போனதுல நம்ம டீம்தான் கடைசி. அங்க பஹ்ரைன்காரங்ககிட்ட 0-1-ன்னு தோத்தாங்க. சுவிட்சர்லாந்து பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்குச்சு, இனி பெருசா வளரும்னு பேசினாங்க. கொரோனா வந்துச்சு. ஆளுக ஒவ்வொருத்தரா வேற டீமுக்குப் போனாங்க. எட்வின் சென்னையினுக்கு, ரோமாரியோ கோவாவுக்கு. 2020-21-க்கு அப்புறம் சென்னை சிட்டிங்கற பேரே அந்த லீக்ல இல்ல. கப் அடிச்சு ரெண்டே வருசம்.

நான் இதை ஒரு விவசாயியாத்தான் பாக்கறேன். நல்ல மகசூல் எடுத்த வருசத்துலயே சந்தையை வேற ஊருக்கு மாத்தினா எப்படி இருக்கும்? அதுதான் ஆச்சு. விளைச்சல்ல குத்தம் இல்ல. இன்னொண்ணும் தோணுது. குத்தகை நிலத்துல யாரும் தென்னங்கன்னு வைக்கமாட்டாங்க. மூணு மாசப் பயிர் வைப்பாங்க, எடுத்துட்டுப் போவாங்க. கப்பும் அந்த மூணு மாசப் பயிர் மாதிரிதான். அண்டர்-13, அண்டர்-15-ன்னு ஊரூருக்குப் பசங்களை வளர்க்கறதுதான் தென்னை. அதை வைக்கற அளவுக்கு இங்க யாருக்கும் நாள் கெடைக்கல.

அண்ணன் பையன் ரெண்டு மூணு எடத்துல செலக்‌ஷனுக்குப் போனான், எடுக்கல. இப்போ உடற்கல்வி படிச்சுட்டு ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறான். சம்பளம் கம்மிதான். ஞாயித்துக்கிழமை காலையில நம்ம ஊர் மைதானத்துல இருபது பசங்களுக்குப் பந்து சொல்லிக் குடுக்கறான், அதுல ஆறு பேரு பொம்பளப் புள்ளைக. நேரு ஸ்டேடியத்துல பாத்த அந்தத் தரையோட ஆடற ஆட்டத்தைத்தான் சொல்லிக் குடுக்கறான். என்னைக் கேட்ட பக்கத்துத் தோட்டத்துப் பையனையும் போகச் சொல்லியிருக்கேன்.

மைதானத்துல மழை பேஞ்சா தண்ணி நிக்குது. நாலு லோடு கெரவல் மண்ணு கொட்டணும். பக்கத்து ஊர்க்காரங்க யாராச்சும் டிராக்டர் குடுத்து உதவ முடியும்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. டீசல் நாங்க போட்டுக்கறோம். அடுத்த பதிவுல மஞ்சள் கெழங்கு விதைநேர்த்தி பத்தி.