முத்திரை அடி

துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமெனப் பேராசிரியப் பெருந்தகை பணித்தபோது, "எதைப் பற்றி, ஐயா?" என்று கேட்டேன். "உமக்குத் தெரிந்ததைப் பற்றி" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, இத்துறையில் அமர்ந்து கற்ற தமிழ். மற்றொன்று, மேற்குத் தாம்பரத்தில் மாமாவின் கடைக்கு மேலுள்ள அறையில் இரவு பத்து மணிக்குப் பின் நான் செய்துவரும் ஹிப்-ஹாப் இசைக்கோப்பு. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமலே என்னுள் பல்லாண்டு குடியிருந்தன. 2021ஆம் ஆண்டில் நான் செய்த ஒரு பிழை அவற்றை நேருக்கு நேர் நிறுத்தியது. அப்பிழையையே எழுதத் துணிந்தேன்.

இசையைப் பற்றி நம் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். அதைத் தீர்த்துரைக்கும் தகுதி எனக்கில்லை. என் அத்தா பல ஆண்டுகள் அந்த அறைக்கு ஏறி வந்ததேயில்லை. நானும் அவரை வற்புறுத்தியதில்லை.

இத்துறையில் 'தயாரிப்பாளர்' என்றால் பணம் போடுபவர் அல்லர். பல குரல்களையும் கருவிகளையும் தனித்தனித் தடங்களாகப் பதிந்து, வெட்டி, ஒட்டி, அடுக்கி, ஒரு பாடலாக்குபவர் அவர். 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த டி.ஜே. கூல் ஹெர்க் என்னும் இளைஞர், தம் தங்கையின் விருந்தொன்றில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில் இளைஞர்கள் மிகுதியாக ஆடுவதைக் கண்ட அவர், ஒரே இசைத்தட்டின் இரு படிகளை வைத்துக்கொண்டு அச்சிறு பகுதியை நீட்டிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். பிறர் செய்த பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுப்பதிலேயே இக்கலை பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதனை முதலில் அறிமுகம் செய்தவர்கள் மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா குழுவினர். 'நிழல்கள்' (1980) திரைப்படத்தில் இளையராஜா அமைத்த 'மடை திறந்து' பாடலை எடுத்து, 2006இல் 'வல்லவன்' தொகுப்பில் அவர்கள் புதிதாக்கியிருந்தார்கள். குரோம்பேட்டைப் பள்ளியில் எங்கள் வகுப்பு முழுவதும் அதை மனப்பாடம் செய்தது. திருக்குறளுக்கு அவ்வளவு உழைத்தோமா என்று கேட்டால் தலைகுனிய நேரும்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1ஆம் நாள் காலை முதல் மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைமீறி முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. முடிச்சூரில் என் வகுப்புத் தோழனின் வீடும் மூழ்கியது. அவனும் அவன் தாயாரும் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஓர் இரவும் பகலும் நின்று, பின் படகில் மீண்டார்கள். ஈராண்டு கழித்து, "அந்த இரவைப் பாட்டாக்க வேண்டும்" என்று அவன் எழுதிக்கொண்டு வந்தான். ராப் அடிகள் அவனுடையவை. நடுவே அவன் தாயார் பேசுகிறார். வெள்ளம் கொண்டுபோன பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ரேஷன் அட்டை, கல்யாணப் புடவை, தையல் மெஷின். இறுதியில் ஒரு முனாஜாத்து.

அந்த முனாஜாத்தைப் பாடியவர், வெள்ளிதோறும் சாம்பிராணித் தட்டும் தாயிராவுமாக எங்கள் கடைத்தெருவுக்கு வரும் பாவா. பல்லாவரத்தில் குடியிருந்தார். எழுபதைக் கடந்தவர். அவர் பாடியது அவருடைய உஸ்தாது இயற்றிய பாட்டு, அச்சில் வராதது. பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய பொருள்களுக்கிடையே நான் பேரம் பேசி வாங்கிய ஒலிவாங்கியின்முன் அமர்ந்து, கண்ணை மூடி, ஒரே மூச்சில் பாடி முடித்தார். கூலி என்று கொடுத்ததை வாங்க மறுத்தார். "பாட்ட உங்கிட்ட குடுத்திருக்கேன் தம்பி, அமானிதம்" என்றார். நான் தலையசைத்தேன். அச்சொல்லின் கனத்தை அன்று உணர்ந்தேன் என்று சொல்வது பொய்யாகும்.

பாடல் ஐந்து நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. நண்பர்கள் கேட்டார்கள், உறவினர் கேட்டார்கள், அத்தோடு ஓய்ந்தது.

2021ஆம் ஆண்டு ஊரடங்கு நாள்களில், கையில் வேலையின்றிக் கிடந்தபோது அப்பாடலை மீண்டும் எடுத்தேன். ரீமிக்ஸ் செய்வோம் என்று தோன்றியது. (இதற்கு 'மறுகலவை' என்று தமிழாக்கம் சொல்வாருண்டு, எனக்கு அது கட்டட வேலையை நினைவூட்டுவதால் தவிர்க்கிறேன்.) முதலில் பாவாவின் தாயிராவை எடுத்தேன். நிமிடத்திற்கு எண்பத்தெட்டு அடியில் தொடங்கிய அவர், உருக்கம் ஏற ஏறத் தொண்ணூற்று நான்குக்குப் போயிருந்தார். கணிப்பொறியில் ஒவ்வோர் அடியையும் நகர்த்தித் தொண்ணூறில் கட்டினேன். அடிகளுக்கிடையே அவர் இழுத்த மூச்சுகளை இரைச்சல் என்று நீக்கினேன். நண்பனின் தாயார் சொன்ன பட்டியலில் 'தையல் மெஷின்' என்னும் இரு சொற்களை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கும் பல்லவியாக்கினேன். மூன்று நிமிடத்திற்குள் அடக்க வேண்டுமென்பதால் முனாஜாத்தின் கடைசி நான்கடியைத் தூக்கியெறிந்தேன். நாடு முழுவதும் அடைந்துகிடந்த அந்நாளில் பாட்டு பரவியது. பம்மலிலும் சேலையூரிலும் இளைஞர்கள் 'தையல் மெஷினுக்கு' ஆடினார்கள். நான் பெருமிதத்தில் மிதந்தேன்.

அதே ஆண்டில்தான் தமிழகமே ஒரு கூட்டுப் பாடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. அரக்கோணத்துக்காரரான அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அப்பாட்டின் பொருளை எடுத்ததாகச் சொல்லியிருந்தார். பிரான்சு நாட்டு டி.ஜே. ஸ்நேக் அதனை ரீமிக்ஸ் செய்தார். ஆகஸ்ட் மாதத்தில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயின் படம் இருந்தது, அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அறிவின் படத்தோடும் ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28ஆம் நாள் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாடலைப் பாடியபோது அறிவு மேடையில் இல்லை. பாடலில் யார் பங்கு எவ்வளவு என்று அறிவு எழுத, சந்தோஷ் நாராயணனும் தீயும் தம் தரப்பை எழுத, ஊர் இரண்டுபட்டது. அவர்களுள் யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே எடைபோட நான் முற்படவில்லை. அந்த ஆகஸ்ட் மாதத்தில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவே இதை நினைவுகூர்ந்தேன். நண்பர்களோடு தேநீர்க் கடையில் நின்று, "உழைத்தவன் பெயரை எப்படி மறைக்கலாம்?" என்று உரத்துப் பேசினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பாவா கடைக்கு வந்தார். பேரப்பிள்ளையின் கைப்பேசியில் பாட்டைக் கேட்டிருந்தார். சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கோபமின்றி, ஏதோ முகவரி விசாரிப்பவர்போலக் கேட்டார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க உஸ்தாது பேரு எங்கே?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது உடல் கூசியது. நான் வெட்டியெறிந்த கடைசி நான்கடியில்தான் அவருடைய உஸ்தாதின் பெயர் இருந்தது.

முத்திரை அடி! இரண்டாம் ஆண்டில் இத்துறையில்தான் அதைப் படித்தேன். பாடியவர் தம் பெயரையோ தம் குருவின் பெயரையோ பாட்டின் இறுதியில் பொதிந்து வைக்கும் மரபு என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். உமறுப்புலவர் தமக்குத் துணைநின்ற அபுல்காசிம் மரைக்காயரைச் சீறாப்புராணத்தின் உள்ளேயே இடையிடையே வைத்துப் போற்றியது ஏன் என்று ஒரு பகல் முழுவதும் எங்கள் ஆசிரியர் விளக்கியிருந்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவியின் ஆட்டத்தைக் காட்டுமுன், ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரையும் வரிசையாக நிறுத்தி இலக்கணம் சொல்கிறது. (அவர்களுடைய பெயர்களை இளங்கோ சொல்லவில்லை என்பதும் உண்மையே.) இத்தனையும் கற்றவன், நாற்பது வினாடி மிச்சம் பிடிக்க ஒரு மனிதரின் பெயரை அழித்திருக்கிறேன். அச்சிலே இல்லாத அந்தப் புலவர் அந்த நான்கடியில் மட்டுமே உயிரோடு இருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். குற்றமுள்ள நெஞ்சு சட்டத்தைத்தானே முதலில் தேடும்! 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 38-பி பிரிவு, பாடுவோர், ஆடுவோர் முதலான நிகழ்த்துநர்க்குத் தம் பெயரால் அறியப்படும் உரிமையையும், தம் புகழுக்கு ஊறு நேரும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் அதன் விளக்கக் குறிப்போ, தொகுப்பதற்காகவோ குறிப்பிட்ட கால அளவுக்குள் அடக்குவதற்காகவோ ஒரு பகுதியை நீக்குவது மட்டுமே அத்தகைய ஊறு ஆகாது என்கிறது. நான் செய்ததும் அப்படியே அடக்கியதுதான். அதைப் படித்தபோது ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அடுத்த கணம் 'அமானிதம்' என்ற சொல் காதில் விழுந்தது. பாவா என்னிடம் ஒப்படைத்தபோது எந்தப் பிரிவின்கீழும் ஒப்படைக்கவில்லை.

நண்பனின் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் இழப்பை ஆட்டப் பாட்டாக்கிவிட்டேனே என்ற உறுத்தல். அந்த அம்மையாரோ சிரித்தார். "போன மெஷின் போச்சு. ஊரே அதைப் பாடுதே, அது போதும். அதை எடுத்துடாதே" என்றார். ஆக, எல்லா வெட்டும் ஒன்றல்ல போலும். எது யாருக்கு வலிக்கும் என்பதை வெட்டுபவன் தானாக அறிய வழியில்லை. கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. அவர் சொன்னபடியே பல்லவியை விட்டுவைத்தேன்.

மற்றவற்றைத் திருத்த மூன்று வாரம் ஆனது. தாயிராவின் அடிகளை அவை இருந்த இடத்திற்கே அனுப்பினேன். பாவாவின் வேகம் ஏறும்போது என் தாளமும் ஏறட்டும் என்று விட்டேன்; அவரைப் பின்தொடர்ந்து மற்ற கருவிகளை நகர்த்துவது, அவரை இழுத்துக் கட்டுவதைவிடப் பத்து மடங்கு வேலை. மூச்சுகள் திரும்பின. கடைசி நான்கடியும் திரும்பியது. நான்கரை நிமிடம். நண்பனுக்கு இது பிடிக்கவில்லை. "பரவின பாட்டைக் கெடுத்துட்டியே" என்று நெடுநாள் பேசாதிருந்தான். அவன் சொன்னதிலும் உண்மை உண்டு. முந்தையதைக் கேட்டவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

வெளியிடுமுன் பாவாவை அறைக்கு அழைத்தேன். அசர் தொழுகை முடிந்து வந்தார். படியேற முடியாமல் சிரமப்பட்டவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர் என் அத்தா. முதன்முறையாக அந்த அறைக்குள் நுழைந்தவர், கம்பிச் சுருள்களை ஒதுக்கிவிட்டு வாயிலருகிலேயே அமர்ந்தார். பாட்டு ஓடியது. உஸ்தாதின் பெயர் வந்த இடத்தில் பாவா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். முடிந்ததும் நிமிர்ந்து, "இதுக்கப்புறம் ஒரு சலவாத்து ஓதணும். அன்னைக்கு மறந்துட்டேன், இப்ப ஓதட்டுமா?" என்றார்.

ஒலிவாங்கியை அவர்முன் நகர்த்தினேன். அதற்குள் கடற்கரையிலிருந்து வரும் மின்தொடர்வண்டி நிலையத்தை நெருங்கும் ஓசை கேட்டது. அத்தா கையுயர்த்தி, "ரயில் போகட்டும்" என்றார். மூவரும் காத்திருந்தோம்.